எண்பதா, நூறா, நூற்றிருபதா? ஒரு காற்று டேங்கின் கதை



மூன்று மாதமாக நான் இங்கே ஒன்றும் எழுதவில்லை. “சாருக்கு உடம்பு சரியில்லையா?” என்று பலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கலிபோர்னியாவில் சான் டியேகோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். எழுதாததற்குக் காரணம் வேறு. முப்பத்துநான்கு வருஷம் இயற்பியல் நடத்திய நான் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டேன். அதனால் என் பேத்தி முழங்கால் அளவுத் தண்ணீரில் விழுந்து, எழ முடியாமல் கிடந்தாள்.

இப்போது நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் தங்கை பாதி படித்துவிட்டு, இங்கே நடுராத்திரி என்றுகூடப் பார்க்காமல் ஃபோன் போட்டுவிடுவாள்.

அந்தக் கணக்கு எங்கே தப்பியது என்று சொல்ல வேண்டுமானால், முதுகில் காற்றைக் கட்டிக்கொண்டு மனிதன் கடலுக்குள் போன சரித்திரத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தீப்பெட்டியின் கதையையும் தையல் மிஷினின் கதையையும் பொறுமையாகப் படித்தவர்கள் இதையும் படித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

பேத்திக்குப் பதினேழு வயது. 48 கிலோ எடை. போன கோடையில் ஸ்கூபா டைவிங் பயிற்சி முடித்து அட்டை வாங்கினாள். அவள் அப்பாவும், அதாவது என் மாப்பிள்ளையும், கூடவே கற்றுக்கொண்டார். இவர்கள் படகில் போய் நடுக்கடலில் குதிக்கிறவர்கள் இல்லை. இங்கே லா ஹோயா ஷோர்ஸ் என்று ஒரு மணல் கடற்கரை இருக்கிறது. காரை நிறுத்தி, பக்கத்திலேயே உடையை மாட்டி, டேங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு, மணலில் நடந்து அலைக்குள் இறங்கி, கொஞ்ச தூரம் நீந்திப் போய் அப்புறம்தான் மூழ்குவார்கள். கரைக்குப் பக்கத்திலேயே கடலுக்கடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு தொடங்குகிறது. அதன் விளிம்பைப் பார்க்கத்தான் இத்தனை பேர் வருகிறார்கள். இப்படிக் கரையிலிருந்து நடந்தே இறங்குவதற்கு ‘ஷோர் டைவிங்’ என்று பெயர். திரும்பி வரும்போதும் அதே வழிதான். அலை, மணல், அப்புறம் கார்.

வாடகைக்கு எடுத்து அலுத்துப்போய், சொந்தமாக டேங்க் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அலுமினியம். குளிர்ந்த கடலில் கரையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு எஃகு டேங்க்தான் நல்லது என்று கூட டைவ் பண்ணுகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் எந்த அளவு? எஃகில் 80 இருக்கிறது, 100 இருக்கிறது, 120 இருக்கிறது. இந்த எண்கள் கன அடிக் கணக்கு. முழுக்க நிரப்பிய டேங்கிலுள்ள காற்றை வெளியே விட்டால் அத்தனை கன அடி இடத்தை அது பிடிக்கும். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். ஆக 80 என்றால் ஏறத்தாழ 2,260 லிட்டர், 100 என்றால் 2,830, 120 என்றால் 3,400.

மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் தன் பழைய 120 எஃகு டேங்கைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார். வீட்டில் பஞ்சாயத்து தொடங்கியது.

“காத்து எவ்வளவு கூட இருக்கோ அவ்வளவு நல்லதுதானே மாமா? பிள்ளை விஷயம்” என்றார் மாப்பிள்ளை.

“அது வெயிட்டா இருக்கும்ப்பா, எனக்கு வேணாம்” என்றாள் பேத்தி.

“எந்த டேங்கும் வேணாம், வீட்ல இருங்க” என்றாள் என் மகள்.

கடைசியில் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். “தாத்தா, நீங்கதான ஃபிசிக்ஸ் வாத்தியார், நீங்க சொல்லுங்க.”

எனக்கு நீச்சல் தெரியாது. ஆனால் பாயில் விதி தெரியும். சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அமுக்கச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? அழுத்தம் இரண்டு மடங்கானால் காற்றின் கன அளவு பாதியாகும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கரையில் நிமிஷத்துக்கு 20 லிட்டர் காற்றை இழுக்கிறவருக்கு 10 மீட்டர் ஆழத்தில் டேங்கிலிருந்து 40 லிட்டர் செலவாகும். 20 மீட்டரில் 60 லிட்டர். காகிதத்தில் கணக்குப் போட்டேன். 120-இல் நேரம் அதிகம், பயம் குறைவு. “120-தான்” என்று தீர்ப்புச் சொன்னேன். பேத்தி ஒன்றும் பேசவில்லை. தாத்தா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கடற்கரைக்குப் போனேன். மாப்பிள்ளை வாடகை அலுமினிய 80, பேத்தி 120. இருவரும் கைகாட்டிவிட்டு அலைக்குள் போனார்கள். நான் துண்டும் வெந்நீர் பிளாஸ்க்குமாக உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து இரண்டு தலைகள் தெரிந்தன. மாப்பிள்ளை முன்னால் வந்து கரையேறித் திரும்பிப் பார்த்தார். பேத்தி முழங்கால் தண்ணீரில் குனிந்து ஒரு காலிலிருந்து துடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஓர் அலை வந்தது. பெரிய அலைகூட இல்லை, என் இடுப்புயரம் இருக்கும். அவளை முகம் குப்புறத் தள்ளியது.

எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. டேங்க் முதுகில் ஒரு பக்கமாகச் சரிந்து அவளை மணலோடு அமுக்கிக்கொண்டிருந்தது. மூச்சுக் குழாயை வாயிலிருந்து முன்பே எடுத்துவிட்டிருந்தாள். அடுத்த அலை தலைக்கு மேல் போயிற்று. அந்த டேங்கில் அவளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலான காற்று இருந்தது. அது வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை ஓடினார். பக்கத்தில் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத இருவரும் ஓடிவந்து, அவளைப் புரட்டி, பட்டியை அவிழ்த்து, டேங்கைத் தனியாகவும் பிள்ளையைத் தனியாகவும் இழுத்து வந்தார்கள். உப்புத் தண்ணீர் கொஞ்சம் குடித்திருந்தாள், முழங்காலில் சிராய்ப்பு. அவ்வளவுதான். நான் கையில் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். நின்றது மட்டும்தான் நான் செய்தது.

வீட்டுக்கு வந்ததும் டேங்கின் அழுத்தமானியைப் பார்த்தேன். மூன்றில் இரண்டு பங்கு காற்று அப்படியே இருந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எந்தப் பாடத்தைக் கோட்டைவிட்டேன் என்று படிக்க ஆரம்பித்தேன். அப்படிப் படித்ததில் தெரிந்துகொண்ட சரித்திரம் இது.

தண்ணீருக்கடியில் காற்றை முதுகில் கொண்டுபோகும் யோசனை பழையது. பிரான்சில் பெனுவா ரூக்கேரோல் என்ற சுரங்கப் பொறியாளரும் ஒகுஸ்த் தெனரூஸ் என்ற கடற்படை அதிகாரியும் 1860-களில் ஒரு கருவி செய்தார்கள். முதுகில் ஓர் இரும்புக் கலம், மூச்சை இழுத்தால் மட்டும் காற்று தரும் ஒரு வால்வு. வால்வு அருமையான யோசனை. தகராறு கலத்தில்தான். அந்தக் காலத்து இரும்புக் கலம் 30, 40 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் தாங்காது. அதில் அடங்கும் காற்று சில நிமிஷங்களுக்குத்தான் காணும். அதனால் மேலே படகிலிருந்து குழாய் வழியாகக் காற்றை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். முதுகுக் கலம் ஆபத்துக்கு உதவும் சேமிப்பாக நின்றது. ஜூல் வெர்ன் 1870-இல் புத்தகமாக வெளியிட்ட கடலடி நாவலில் கேப்டன் நீமோவின் ஆட்கள் இந்தக் கருவியைத்தான் மாட்டிக்கொண்டு கடலடியில் நடப்பார்கள். கதையில் குழாய் கிடையாது. கதாசிரியருக்கு எடையும் கிடையாது, கசிவும் கிடையாது.

காற்றை இறுக்கி அடைக்க நல்ல எஃகு வேண்டும். தகடுகளை ஆணி அடித்துச் சேர்த்த கலம் இணைப்பில்தான் முதலில் விடும். ஜெர்மனியில் மானஸ்மன் சகோதரர்கள் 1885-இல் இணைப்பே இல்லாமல் எஃகுக் குழாய் செய்யும் வழியைக் கண்டார்கள். இணைப்பில்லாத எஃகு உருளைகள் வந்த பிறகு 100, 150 வளிமண்டல அழுத்தம் சாதாரணமாயிற்று. 1926-இல் இவ் லெ பிரியர் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, மொரிஸ் ஃபெர்னேஸ் என்பவருடன் சேர்ந்து ஒரு கருவி செய்தார். அதில் இருந்தது மிஷ்லின் கம்பெனியின் 3 லிட்டர் உருளை. கார் டயருக்குக் காற்றடிக்க விற்றது அது! 150 மடங்கு அழுத்தத்தில் 450 லிட்டர் காற்று. ஆனால் அதில் வால்வை முழுங்கியிருந்தார்கள். மூச்சு விட்டாலும் விடாவிட்டாலும் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். பாதி வீண்.

நல்ல வால்வும் நல்ல எஃகும் ஓரிடத்தில் சேர இரண்டாம் உலகப் போர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிசில் பெட்ரோல் கிடையாது. கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காக ஏர் லிக்விட் கம்பெனியின் பொறியாளர் எமில் கான்யான் ஒரு வால்வு செய்துகொண்டிருந்தார். கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ அவரைத் தேடிப்போய், இதை மூச்சு விடுவதற்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். 1943 ஜனவரியில் மார்ன் ஆற்றில் சோதித்தார்கள். தலைகீழாக இருக்கும்போது காற்று சரியாக வரவில்லை. திருத்தினார்கள். ஜூன் மாதம் தெற்குக் கடற்கரையில் பாந்தோல் என்ற ஊருக்குப் பெட்டி வந்து சேர்ந்தது. மூன்று உருளைகள், 150 வளிமண்டல அழுத்தம். ‘அக்வா-லங்’ என்று உலகம் பிற்பாடு அழைத்தது இதைத்தான்.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த முதல் கடல் முழுக்கு படகிலிருந்து இல்லை. கரையிலிருந்து! கூஸ்தோ ஒரு சிறு கடற்கரையில் நின்று மாட்டிக்கொண்டு நடந்துபோய்த்தான் இறங்கினார். கருவி 50 பவுண்டு, அதாவது 23 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சார்லி சாப்ளின் மாதிரித் தள்ளாடி நடந்து கடலுக்குள் போனதாக அவரே எழுதியிருக்கிறார். அவர் மனைவி சிமோன் மேலே மிதந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர் ஃப்ரெடரிக் துமா கரையில் தயாராக நின்றார். தண்ணீருக்குள் போனதும் பறவை மாதிரிப் பறந்தார்கள். கரையில் அத்தனை திண்டாட்டம். அன்றைக்கே இருந்த சங்கதி இது. நான்தான் அதைக் காகிதத்தில் எழுதவில்லை.

போர் முடிந்து சில வருஷங்களில் அக்வா-லங் அமெரிக்காவுக்கு வந்தது. கலிபோர்னியாவில் அதை முதலில் எடுத்துக்கொண்டவர்களில் கான்ராட் லிம்பா, ஆண்ட்ரியாஸ் ரெக்னிட்சர் என்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் உண்டு. கடலுயிர்களைப் படிக்க அவர்கள் மூழ்கினார்கள். இருவரும் பிறகு லா ஹோயாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்துக்கு வந்தார்கள். விஞ்ஞானிகளுக்கு முறையாக டைவிங் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தை லிம்பா அங்கே வளர்த்தார். என் பேத்தி விழுந்த மணலில் நின்று வடக்கே பார்த்தால் அந்த ஸ்கிரிப்ஸின் நீண்ட கான்கிரீட் பாலம் தெரியும். அவ்வளவு தேர்ந்த லிம்பாவே 1960-இல் பிரான்சில் ஒரு கடலடிக் குகையில் வழி தவறி இறந்துபோனார். இந்த வித்தையில் கெட்டிக்காரத்தனம் மட்டும் போதாது என்பதற்கு அவரையே சொல்லலாம்.

1958-இல் ‘சீ ஹண்ட்’ என்ற தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதைப் பார்த்துவிட்டு அமெரிக்காவில் நிறையப் பேர் முழுக்குப் போடக் கிளம்பினார்கள். அவர்கள் முதுகில் இருந்தது பெரும்பாலும் ஒரே அளவு டேங்க். ‘ஸ்டீல் 72’ என்று பெயர். எடை சுமார் 13 கிலோ. 2,475 பவுண்டு அழுத்தத்தில் 71.2 கன அடி காற்று, அதாவது சுமார் 2,000 லிட்டர். அப்போது அழுத்தமானி எல்லோரிடமும் கிடையாது. டேங்க் வால்விலேயே ஒரு ஸ்பிரிங் இருக்கும். காற்று தீரப்போகும் சமயத்தில் மூச்சு இறுகும். உடனே முதுகுப்பக்கம் இருக்கும் கம்பியை இழுத்தால் மிச்சக் காற்று வரும். ‘வீட்டுக்குப் போ’ என்பதுதான் அதற்கு அர்த்தம். கம்பி எங்கேயாவது மாட்டித் தானாக இழுபட்டிருந்தால் மிச்சக் காற்றும் முன்பே தீர்ந்திருக்கும். 72-இன் அளவிலேயே ஒரு கட்டுப்பாடு இருந்தது. வேண்டும் என்றாலும் ஆழத்தில் ரொம்ப நேரம் இருக்க முடியாது.

1970-களின் தொடக்கத்தில் அலுமினிய டேங்க் வந்தது. துருப்பிடிக்காது, விலை குறைவு. ‘அலுமினியம் 80’ உலகம் முழுக்கப் பரவியது. இன்றும் வெப்பமான கடல்களில் படகுக்குப் படகு இதுதான் நிற்கிறது. பெயர் 80 என்றாலும் உள்ளே அடங்குவது 77.4 கன அடி.

இங்கே ஒரு கேள்வி கேட்கிறேன். கீழே பார்க்காமல் பதில் சொல்லுங்கள். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, எஃகின் அடர்த்தி 7.8. அப்படியானால் எந்த டேங்க் இலேசு?

அலுமினியம் என்று சொன்னவர்கள் என்னோடு சேர்ந்து பெஞ்சு மேல் ஏறுங்கள். அலுமினியம் எஃகு அளவுக்கு இழுவிசை தாங்காது. அதே அழுத்தத்தை அடைக்கச் சுவரைத் தடியாகச் செய்ய வேண்டும். அதனால் அலுமினியம் 80 சுமார் 14 கிலோ. அதே அளவு காற்றை அடைக்கும் இன்றைய உயர் அழுத்த எஃகு 80 சுமார் 13 கிலோ, நீளமும் குறைவு. அதோடு கதை முடியவில்லை. அலுமினிய டேங்க் வெளியளவில் பெரிது. ஆர்க்கிமிடீஸைக் கூப்பிடுங்கள். உள்ளே காற்று தீரத் தீர அது மிதக்கத் தொடங்கும். காலியானதும் ஏறத்தாழ 2 கிலோ மேல்நோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலை அடக்க இடுப்பில் 2 கிலோ ஈயம் கூடக் கட்ட வேண்டும். எஃகு டேங்க் காலியானாலும் அடியிலேயே நிற்கும். அந்த ஈயம் தேவையில்லை.

ஈயம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லைத் துணையாக வைத்து இறங்கியது எதற்கோ அதற்குத்தான். இங்கே தண்ணீர் குளிர். குளிர்காலத்தில் 14, 15 டிகிரிதான். 7 மில்லிமீட்டர் ரப்பர் உடை போடுகிறார்கள். அந்த ரப்பருக்குள் சிறுசிறு காற்றுக் குமிழிகள். ஆளைத் தக்கை மாதிரி மிதக்க வைக்கும். அதை அமிழ்த்த எப்படியும் எடை வேண்டும். அந்த எடையின் ஒரு பங்கை டேங்கே கொடுத்துவிட்டால் நல்லதுதானே. குளிர்ந்த கடலில் எஃகை விரும்புவதற்குக் காரணம் இது. வெப்பக் கடலில் மெல்லிய உடையோடு பெரிய எஃகு டேங்க் கட்டினால் அதே எடை கீழே இழுக்கும் வம்பாகிவிடும்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். முதல் தப்பு, டேங்கை மாற்றினோம், ஈயத்தை மாற்றவில்லை. பயிற்சியில் அலுமினியத்தோடு கட்டிய 8 கிலோ ஈயத்தையே பேத்தி 120 எஃகோடும் கட்டியிருந்தாள். இரண்டாவது, காற்றுக்கும் எடை உண்டு என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பந்தை நிறுத்துக் காட்டிய நான், அதை இங்கே மறந்தேன். 3,400 லிட்டர் காற்று 4 கிலோ. டேங்க் 17 கிலோவுக்கு மேல், வால்வோடு காற்றையும் சேர்த்தால் 22. ஈயம் 8. மேற்சட்டையும் ரெகுலேட்டரும் சுமார் 5. மொத்தம் 35 கிலோ. தூக்கியவள் 48 கிலோ. மூட்டை தூக்கிப் பழகிய ஆள்கூட இதை மணலில் சுமந்து நடக்க யோசிப்பான்.

மூன்றாவதுதான் பெரிய தப்பு. அவளுக்கு அத்தனை காற்று தேவையே இல்லை. மாப்பிள்ளை பெரிய உடம்பு, நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார். பேத்தி 13-தான். 12 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2.2 மடங்கு. அவருக்கு 44 லிட்டர் போகும், அவளுக்கு 29. இருவரும் சேர்ந்தே இறங்குகிறார்கள், சேர்ந்தே ஏறுகிறார்கள். யாருக்கு முதலில் காற்று குறைகிறதோ அவருக்காக இருவரும் திரும்ப வேண்டும். மாப்பிள்ளையின் அலுமினிய டேங்கில் சுமார் 2,200 லிட்டர். கால் பங்கைச் சேமிப்பாக விட்டுவிட்டால் 1,650. அது 37 நிமிஷத்தில் தீரும். அதற்குள் பேத்தி செலவழித்தது ஏறத்தாழ 1,070 லிட்டர். மிச்சம் 2,300 லிட்டர் காற்றை அந்தப் பிள்ளை கடலுக்கும் கொண்டுபோய், திருப்பியும் சுமந்து வந்து, கரையில் விழுந்தாள்.

பெரிய டேங்க் வேண்டியது மாப்பிள்ளைக்கு. நான் அதைப் பேத்தி முதுகில் ஏற்றினேன்.

கணக்கைத் திருப்பிப் போட்டேன். மாப்பிள்ளைக்கு எஃகு 100. நிரப்பினால் வால்வோடு சுமார் 19 கிலோ. சேமிப்பு போக அவருக்கு ஏறத்தாழ 50 நிமிஷம் வரும். பேத்திக்கு எஃகு 80. நிரப்பினால் வால்வோடு சுமார் 16, 17 கிலோ. அந்த 50 நிமிஷத்தில் அவளுக்கு 1,430 லிட்டர் செலவாகும். 2,260-இல் 800-க்கு மேல் மிஞ்சும். அப்பாவின் டேங்கில் ஏதாவது கோளாறு என்றாலும் அந்த மிச்சத்தில் இருவரும் மூச்சுவிட்டு மேலே வந்துவிடலாம். பயத்துக்கு இந்தச் சேமிப்பு போதும்.

கணக்கை இந்த முறை நானே தீர்ப்பாகச் சொல்லவில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளரிடம் காகிதத்தைக் காட்டச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னார். ஈயத்தைக் காகிதத்தில் முடிவு செய்யக் கூடாது. முழுக்கு முடிந்து, காற்று குறைந்த டேங்கோடு, ஆழமில்லாத தண்ணீரில் நின்று பார்க்க வேண்டும். மேற்சட்டையில் காற்றில்லாமல், மூச்சைப் பிடித்தபடி அசையாமல் இருந்தால் கண்மட்டத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். அப்படிப் பார்த்ததில் 8 கிலோ 5 ஆயிற்று. இன்னொன்றும் சொன்னார். அலையைத் தாண்டி மணலில் நிற்கும் வரை மூச்சுக் குழாயை வாயிலிருந்து எடுக்கவே கூடாது. அன்று அது மட்டும் நடந்திருந்தால், விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு நிதானமாக மூச்சுவிட்டிருப்பாள். தாத்தாதான் கரையில் மயக்கம் போட்டிருப்பார்.

பழைய டேங்க் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விலையைப் பார்க்கும் முன் தோள்பட்டையில் குத்தியிருக்கும் எண்களைப் பாருங்கள். இங்கே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை உள்ளே தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்து மாதமும் வருஷமும் பொறிப்பார்கள். காற்றுக்குப் பதில் தண்ணீர் ஏன்? தண்ணீர் சுருங்காது. ஒருவேளை டேங்க் பிளந்தாலும் குண்டு மாதிரி வெடிக்காது. வருஷத்துக்கு ஒருமுறை உள்ளே விளக்குவிட்டும் பார்ப்பார்கள். எஃகுக்குள் உப்பீரம் புகுந்தால் துரு பிடிக்கும். துரு டேங்கைத் தின்பதோடு உள்ளிருக்கும் ஆக்சிஜனையும் தின்னும். அந்த 120-ஐ நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவர் ஆறடி ஆள். அவருக்கு அது சரியான டேங்க்தான்.

போன ஞாயிறு மறுபடி கடற்கரைக்குப் போனோம். என் மகளும் வந்தாள். பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். 48 நிமிஷம். நான் கடிகாரம் பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு தலைகளும் வந்தன. இடுப்பளவுத் தண்ணீரில் பேத்தி நின்று, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு துடுப்புகளைக் கழற்றினாள். வாயில் குழாய் இருந்தது. பின்னாலிருந்து ஓர் அலை வந்தது. காலை அகற்றி வைத்துக் குனிந்து அதைப் போகவிட்டாள். பிறகு நடந்தே வந்து, என் முன்னால் நின்று, குழாயை எடுத்தாள்.

“எவ்வளவு மிச்சம்?” என்று கேட்டேன்.

மானியைப் பார்த்து, “மூணுல ஒரு பங்கு, தாத்தா. உங்க கணக்கு சரி” என்றாள்.

பிள்ளைகளே, முப்பத்துநான்கு வருஷம் நான் கரும்பலகையில் எழுதிய கணக்குகளில் உராய்வு கிடையாது, கயிற்றுக்கு எடை கிடையாது, சுமக்கிற ஆளே கிடையாது. பாடத்துக்கு அது வேண்டும். ஆனால் அந்தக் கணக்கை வெளியே எடுத்துக்கொண்டு போகும்போது சுமக்கப்போகிறவரை ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அன்றைக்கு அவள் “வெயிட்டா இருக்கும்” என்று சொன்னாள். அந்த வீட்டில் சரியான விடையைச் சொன்னது அவள் ஒருத்திதான். நான் மார்க் போடவில்லை.

வகுப்பில் யாருக்காவது சரியான விடைக்குத் தப்பு போட்டிருந்தேன் என்றால் கீழே எழுதுங்கள். திருத்திப் போடுகிறேன். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். வந்ததும் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்